தோட்டக் கம்பனியின் கணக்கை எவரும் பார்க்கலாம்

சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம் பெருந்தோட்டக் கம்பனிகள் நட்டக் கணக்குச் சொல்வது வழக்கம். 2024இல் நாட்சம்பளமாக 1,700 ரூபாய் கேட்கப்பட்டபோதும் கட்டுப்படியாகாது என்றே கூறின. அந்தக் கணக்கை நாமே பார்க்க வழி உண்டு.

1992இல் அரச தோட்டங்களில் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. அவற்றில் பல, பொகவந்தலாவ டீ எஸ்டேட்ஸ் உட்பட, கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவை. அத்தகைய கம்பனிகள் காலாண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் கம்பனிகளைத் துறைவாரியாகத் தேடலாம். ஆனால் அங்கே 'பெருந்தோட்டம்' என்ற துறையைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 2020இல் சர்வதேச வகைப்படுத்தலுக்கு மாறியபின், தேயிலைக் கம்பனிகள் சிகரெட், பியர் கம்பனிகளோடு 'உணவு, குடிபானம், புகையிலை' என்ற பிரிவில் இருக்கின்றன.

அறிக்கையைத் திறந்தால் இலாப நட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். பங்குதாரருக்குக் கொடுத்த பங்கிலாபம், தொடர்புடைய கம்பனிகளுடனான கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றையும் பாருங்கள். ஒரு வருடம் போதாது, ஐந்து வருடங்களை ஒப்பிடுங்கள்.

பட்டியலிடப்படாத கம்பனிகளும் அரச தோட்டங்களும் இதில் அகப்படா. அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். லயத்தில் படித்த பிள்ளைகள் அவற்றை வாசித்துச் சொன்னால், அடுத்த சம்பளப் பேச்சில் தொழிலாளர் பக்கமும் கணக்கோடு பேசும்.