நவம்பர் வெயிலில் உருவாகும் பனிச்சரிவு

2013 ஏப்ரல் 20. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், லவ்லண்ட் கணவாய்க்கு அருகிலுள்ள ஷீப் க்ரீக் பகுதியில் ஆறு பேர் பனிச்சறுக்குக்காகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அனுபவசாலிகள். பனிக்கடியில் புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் பீக்கன் கருவி, மண்வெட்டி எல்லாம் கையோடு இருந்தன. வடக்கு பார்த்த சரிவுகள் ஆபத்தாக இருக்கின்றன என்ற அன்றைய எச்சரிக்கையும் அவர்களுக்குத் தெரியும். அந்தச் சரிவின் அடிவாரத்தை விரைவாகக் கடந்து பத்திரமான இடத்துக்குப் போய்விடலாம் என்பதுதான் திட்டம். அதற்குள் தலைக்கு மேலே சரிவு முழுவதும் பிளந்து இறங்கியது. பிளவின் விளிம்பு சில இடங்களில் பன்னிரண்டு அடி உயரம். ஐந்து பேர் இறந்தார்கள். 1962-க்குப் பிறகு அந்த மாநிலம் ஒரே பனிச்சரிவில் அத்தனை பேரை இழந்ததில்லை.

முறிந்த அடுக்கு எது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அது அந்த வாரம் விழுந்த பனி இல்லை. மார்ச் மாதப் புயல்களின் பனியும் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே, தரையை ஒட்டிக் கிடந்த அடுக்கு. பருவத்தின் தொடக்கத்தில் விழுந்து, மெல்லிய போர்வையாகக் கிடந்து, பிறகு குளிர்காலம் முழுக்கத் தன்மேல் விழுந்ததையெல்லாம் சுமந்துகொண்டிருந்த பனி. வசந்தத்தில் ஐந்து பேரைக் கொன்ற பலவீனம், குளிர்காலத்தின் முதல் வாரங்களில் தோன்றியது.

பனிச்சரிவு என்றதும் புயலும் கொட்டும் பனியும்தான் நம் மனதில் வரும். புயல் வேண்டியதுதான். ஆனால் மிக நீண்ட காலம் நிலைக்கும் ஆபத்தைத் தயாரிப்பது பெரும்பாலும் புயலுக்கு நேர் எதிரான வானிலை. காற்றில்லாத, மேகமில்லாத, கண்ணுக்கு இதமான நவம்பர் நாள்கள். பனியைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட ஆச்சரியமான விஷயம் வேறில்லை.

ராக்கி மலைத்தொடரின் கொலராடோ பகுதியில் அக்டோபரிலேயே உச்சிகளில் முதல் பனி விழுந்துவிடும். ஒரு சாண், மிஞ்சினால் ஒரு முழம். அதன்பிறகு இரண்டு மூன்று வாரம் வானம் வெளுத்துக் கிடப்பது அங்கே வழக்கம். கடலிலிருந்து வெகு தூரம். மேகங்கள் வந்து சேர்வதற்குள் ஈரம் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. அந்த இடைவெளியில், மெல்லிய பனிப்போர்வைக்குள் ஒரு வேலை நடக்கிறது.

கோடைக்கால வெப்பத்தைத் தரை இன்னும் தேக்கி வைத்திருக்கும். அதன்மேல் பனி போர்த்தியபின், பனியைத் தொடும் தரையின் வெப்பநிலை ஏறக்குறைய பூஜ்ஜியம் டிகிரியிலேயே நின்றுவிடும். மேலேயோ கதை வேறு. மேகமில்லாத இரவில் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் அதிகமாகக் குளிர்கிறது. மேற்பரப்பு மைனஸ் 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பனியின் ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால், மீட்டருக்கு 10 டிகிரி வீதம் வெப்பநிலை மாறுகிறது. ஆழம் வெறும் 30 சென்டிமீட்டர் என்றால், அதே 15 டிகிரி வித்தியாசம் அந்தச் சின்ன தூரத்துக்குள் அடங்க வேண்டும். மீட்டருக்கு 50 டிகிரி. மீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே பனித்துகள்களின் வடிவம் மாறத் தொடங்கும் என்பது பனி ஆய்வாளர்கள் கையாளும் கணக்கு. பனி எவ்வளவு மெலிதோ அவ்வளவு வேகமாக அது கெட்டுப்போகிறது.

கெட்டுப்போவது எப்படி? புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுதான். துகள்களுக்கு இடையிலுள்ள அந்தக் காற்றில் எப்போதும் நீராவி இருக்கிறது. பூஜ்ஜியம் டிகிரியில் பனிக்கட்டிக்கு மேலுள்ள நீராவியின் அழுத்தம் சுமார் 611 பாஸ்கல்; மைனஸ் 10-இல் 260. பத்து டிகிரி இறங்கினால் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே நீராவி கீழிருந்து மேலே போயே தீர வேண்டும். கீழேயிருக்கும் துகளின் உச்சியிலிருந்து நீர் மூலக்கூறுகள் ஆவியாகக் கிளம்பி, சற்று மேலேயுள்ள, சற்றே குளிர்ந்த துகளின் அடிப்புறத்தில் ஒட்டிப் படிகமாகின்றன. பனி எங்கும் உருகுவதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் மொத்த அடுக்கும் சில நாள்களில், சில வாரங்களில், பழைய உருவத்தைக் களைந்து புதிய உருவத்துக்கு மாறிவிடுகிறது.

அந்தப் புதிய உருவத்தைப் பார்க்க வேண்டுமானால் குழி தோண்ட வேண்டும். பனிச்சரிவுக் கண்காணிப்பாளர்களின் அன்றாட வேலை அதுதான். சரிவில் தரை தெரியும்வரை மண்வெட்டியால் வெட்டி, சுவரைச் செங்குத்தாகச் சீவி, மேலிருந்து கீழாகக் கையால் தள்ளிப் பார்ப்பார்கள். முஷ்டியே உள்ளே போகிறதா, நான்கு விரல் போகிறதா, ஒரு விரல்தானா, பென்சில் முனைதானா, கத்தி மட்டும்தானா? பனியின் கடினத்தைக் குறிக்க உலகமெங்கும் உள்ள அளவுகோல் இவ்வளவுதான். மேலே நடுப்பகுதியில் ஒரு விரல் நுழையவே சிரமப்படும். தரைக்கு ஒரு சாண் மேலே வந்ததும் முஷ்டி எந்தத் தடையும் இல்லாமல் உள்ளே போகும். கையை வெளியே எடுத்தால் பனி சரசரவென்று உதிர்ந்து குழியின் அடியில் குவியும். சீனி போல. அந்த ஊர்க்காரர்களும் அதை சீனிப்பனி என்றுதான் அழைக்கிறார்கள். உருண்டை பிடித்தால் நிற்காது.

அதில் ஒரு சிட்டிகை எடுத்து, கட்டம்போட்ட கறுப்புத் தகட்டில் தூவி, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்க்கும்போது, ஆபத்தை மறந்துவிடும் அளவுக்கு அழகு. ஒவ்வொரு மணியும் பல மில்லிமீட்டர் அளவில், கூரிய விளிம்புகளோடு, உள்ளே குடைந்த கிண்ண வடிவில் இருக்கும். கிண்ணத்தின் சுவரில் படிப்படியாக வரிகள். நீராவி எந்தப் பக்கத்திலிருந்து வந்து படிந்ததோ அந்தப் பக்கம் நோக்கிப் படிகம் வளர்ந்ததன் அடையாளம் அது. டெப்த் ஹோர் என்பது இதன் அறிவியல் பெயர். வெளிச்சத்தில் பிடித்தால் வைரத்தூள் மாதிரி மின்னும். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே மட்டும் சொல்லிக்கொள்ளும்படியான பிணைப்பு எதுவும் இல்லை.

ஆழமான, வெப்பநிலை சீரான பனியில் நேர்மாறாக நடக்கும். துகள்கள் உருண்டு, தொடும் இடங்களில் கழுத்துபோல் இணைப்பு வளர்ந்து, நாளாக நாளாகக் கெட்டிப்படும். அதனால்தான் பனி அதிகம் விழும் வருடங்களில் அடிப்படுகை பலமாகவும், பனி குறைந்த வருடங்களில் பலவீனமாகவும் அமைகிறது. பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது.

பருவத் தொடக்கத்தின் கொடுமை இன்னொன்றும் உண்டு. அக்டோபர் பனி எல்லாச் சரிவிலும் தங்குவதில்லை. தெற்கு பார்த்த சரிவுகளில் வெயில் அதை உருக்கித் தரையைக் காட்டிவிடும். வடக்கும் வடகிழக்கும் பார்த்த நிழல் சரிவுகளில், மரங்கள் வளர்வது நின்றுபோகும் மர வரிசைக்கு மேலுள்ள பள்ளங்களில்தான் அது மிஞ்சுகிறது. சீனியாக மாறுவதும் அங்கேதான். நவம்பரில் முதல் பெரிய பனி விழுந்ததும், எட்டு மாதம் காத்திருந்த ஆர்வலர்கள் எங்கே போவார்கள்? தெற்குச் சரிவில் புதுப்பனிக்கு அடியில் கல்லும் புதரும். பலகை ஓடும் அளவுக்குப் பனி இருக்கும் ஒரே இடம் அந்த நிழல் பள்ளங்கள். எங்கே பனி இருக்கிறதோ அங்கேதான் கெட்ட பனி இருக்கிறது. ‘பனியே இன்னும் சரியாக விழவில்லையே’ என்று அலட்சியமாகப் போகும் மாதமும் அதுதான். 2017-இல் மொன்டானா மாநிலத்து மேடிசன் மலைத்தொடரின் இம்ப் சிகரத்தில், பனிச்சறுக்கு வீராங்கனை ஒருவர் பனிச்சரிவில் இறந்தது அக்டோபர் 7 அன்று. அடிவார ஊர்களில் அப்போது இலையுதிர்காலம்.

சீனிப்பனி தனியாகக் கிடக்கும்வரை பெரிய கேடு செய்யாது. அதன்மேல் ஒன்றோடொன்று ஒட்டிய பனி ஒரு பாளமாக அமைய வேண்டும். புயல் வந்து, காற்று பனியை அள்ளிக் கொண்டுவந்து மேட்டின் மறுபக்கத்தில் அடைத்து இறுக்கும்போது அந்தப் பாளம் அமைகிறது. சரிவு 30 முதல் 45 டிகிரிக்குள் இருந்தால் பொறி தயார். உயிர்பலி வாங்கும் பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பதைத் தூண்டுவது, அதில் சிக்குபவரோ அவரோடு வந்தவரோதான்.

ஒருவர் காலடி வைத்ததும் கீழே நடப்பதைப் பற்றிய விளக்கம் இந்த நூற்றாண்டில் நிறைய மாறியிருக்கிறது. பாளம் முதலில் வழுக்குகிறது என்றுதான் முன்பு நினைத்தார்கள். வழுக்குவதற்கு முன் அது விழுகிறது. பாதத்துக்கு நேர் கீழே கிண்ணப் படிகங்கள் நொறுங்க, மேலேயுள்ள பாளம் சில மில்லிமீட்டர் தொய்கிறது. தொய்ந்த விளிம்பின் பாரம் பக்கத்துப் படிகங்களை நொறுக்குகிறது. நொறுங்கல் அடுக்கு நெடுகப் பரவுகிறது. கனடாவில் சமதளமான இடத்தில் நில அதிர்வுக் கருவிகளை வைத்து இந்தப் பரவலை அளந்தபோது வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகம் கிடைத்தது. சரிவிலேயே நிற்காமல் அடிவாரத்துச் சமதளத்தில் நடப்பவர், நூறு மீட்டர் தள்ளியிருக்கும் சரிவைத் தன் தலைமேல் இறக்கிக்கொள்ள முடிவது இதனால்தான். சமதளத்தில் இது நடந்தால் காலுக்குக் கீழே ‘வும்ஃப்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். பாளத்துக்கு அடியிலிருந்த காற்று பிதுங்கி வெளியேறும் ஒலி. மலையில் இருப்பவருக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடையாது. கேட்ட மாத்திரத்தில் செங்குத்தான சரிவுகளை விட்டு விலகிவிட வேண்டும்.

ஒரு சரிவு இதற்குத் தயாராக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எளிமையானது. குழிச் சுவரில் 90 சென்டிமீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு தூணைத் தனியே அறுத்தெடுத்து, ஒரு ஓரத்தில் மண்வெட்டித் தலையை வைப்பார்கள். மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் முறிகிறது என்பதைவிட, ஓரத்தில் பிறந்த முறிவு மறு ஓரம்வரை ஓடுகிறதா என்பதே முக்கியம். ஓடினால் அந்தச் சரிவு வேண்டாம். ஓடாவிட்டால்? அங்கேதான் சிக்கல். இருபது அடி தள்ளி, பாறையொட்டிப் பனி மெலிந்த இடத்தில் அதே அடுக்கு வேறு மாதிரி இருக்கலாம். பத்துப் பேர் சறுக்கிப் போன சரிவு பதினோராவது ஆளுக்கு இறங்குவது அப்படித்தான். சோதனை ‘போகாதே’ என்றால் நம்பலாம். ‘போ’ என்றால் அதை மட்டும் நம்பிப் போகக்கூடாது என்பது என் துணிபு.

2020-21 குளிர்காலம் சீனிப்பனியின் ஆபத்தை நாடு தழுவிய அளவில் காட்டியது. மேற்கு அமெரிக்க மலைகள் பலவற்றில் பருவத் தொடக்கப் பனி மெலிந்து கிடந்து சீனியானது. பிப்ரவரியில் புயல்கள் அடுத்தடுத்து வந்து அதன்மேல் பாரம் ஏற்றின. அந்தப் பருவத்தில் அமெரிக்காவில் 37 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். கொலராடோவில் மட்டும் 12 பேர்.

வாஷிங்டன் மாநிலத்துக் கடலோரக் கேஸ்கேட் மலைகளில் இந்த நோய் அபூர்வம். அங்கே ஈரமான பனி ஏராளமாக விழுகிறது. ஆபத்து புயலோடு வந்து, பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். இமயத்திலும் இந்த வேறுபாடு உண்டு. பீர் பாஞ்சால் பக்கம் ஈரமும் மிதமான குளிரும். சியாச்சின் இருக்கும் காரகோரம் பக்கம் வறட்சியும் கடுங்குளிரும். தமிழகத்தைச் சேர்ந்த நால்வர் உட்பட மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேரை 2016 பிப்ரவரியில் நாம் இழந்தது சியாச்சினில்தான். அது பனிக்கட்டிச் சுவர் பெயர்ந்து விழுந்த விபத்து. நான் இங்கே சொல்லும் வகை வேறு. ஆனால் அந்த மலைகளில் பணியாற்றுவோர் குளிர்காலம்தோறும் சந்திப்பதில் இந்தச் சீனிப்பனியும் ஒன்று. இந்தியப் படைகளுக்காகப் பனியையும் பனிச்சரிவையும் ஆராய 1969-இல் தொடங்கிய மணாலி ஆய்வு நிறுவனம், பெயர் மாறி இன்றும் அந்த வேலையைச் செய்கிறது.

இந்த அடுக்கு ஆறாத புண் இல்லை. மேலே பனி ஆழமாகக் குவிந்தால் வெப்பநிலை வித்தியாசம் நீண்ட தூரத்துக்குப் பரவி, நீராவிப் போக்கு தளர்ந்து, படிகங்கள் மெல்ல ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். உருவாக இரண்டு வாரம் போதும். ஆற இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். ஆறிய மாதிரித் தெரிந்து, ஒரு பெரும் புயலின் பாரத்தில் மறுபடி விழித்துக்கொள்வதும் உண்டு. ஷீப் க்ரீக்கில் ஏப்ரலிலும் அது ஆறியிருக்கவில்லை.

கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் போன்ற அமைப்புகளின் ஆண்டு வேலை இதனால்தான் யாரும் பனிச்சறுக்கை நினைக்காத நாள்களிலேயே தொடங்குகிறது. முதல் பெரும் புயல் வருவதற்கு முந்தைய தெளிவான நாளில், எந்தச் சரிவில் பழைய பனி மிஞ்சியிருக்கிறது, எந்தச் சரிவு வெறும் தரையாக இருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்து வைக்கிறார்கள். புயல் வந்தபின் எல்லாம் ஒரே வெள்ளை; எந்த வித்தியாசமும் தெரியாது. ஜனவரியில் ‘வடக்கு, வடகிழக்குச் சரிவுகளில், மர வரிசைக்கு மேலே கவனம்’ என்று அறிக்கை எழுதும்போது, அவர்கள் கையில் இருப்பது நவம்பரில் எடுத்த அந்தப் படங்கள்.