சூடு பொறுக்குதா?

சித்திரை வெயிலில் ஸ்ரீரங்கம் கோயில் பிராகாரத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும்: நிழலை விட்டு வெளியே கால் வைத்ததும் நடை தானாக ஓட்டமாகிவிடும். விரிப்பு போட்ட பாதையைத் தேடி எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்குவார்கள். சிலர் மட்டும் எந்த அவசரமும் இல்லாமல் கல்லின் மேலேயே நிதானமாக நடந்து போவார்கள். பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களாக இருக்கலாம். பாதம் மரத்துப்போனதால் சூடு உறைப்பதில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் உள்ளங்காலில் கொப்புளம் கண்ணில் படும். சர்க்கரைப் புண் பார்க்கும் மருத்துவர்களுக்குக் கோடையில் பழகிப்போன காயம் இது.

முழங்கால் வலி, குதிகால் வலி என்று இதே மனிதர்கள் பிசியோதெரபிக்கும் வருகிறார்கள். கட்டிலில் படுக்க வைத்து, துண்டில் சுற்றிய ஹாட் பேக்கை முட்டியில் வைத்துவிட்டு, "சூடு பொறுக்குதா மாமி?" என்று கேட்கிறார் பிசியோதெரபிஸ்ட். "பரவாயில்லம்மா, பொறுத்துக்கறேன். நன்னா வெச்சு எடு" என்கிறார் மாமி. புத்தூர், தில்லை நகர், ஸ்ரீரங்கம் என்று திருச்சியின் எந்தப் பகுதியிலும் காதில் விழக்கூடிய பேச்சுதான். அந்தப் பதிலில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. சூடு ஏற ஏற குணமும் ஏறும் என்ற நம்பிக்கை ஒன்று. அந்த முட்டியில் மாமிக்குச் சூடு சரியாகத் தெரிகிறதா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பது இன்னொன்று.

தோல் எந்தச் சூட்டில் வேகும் என்ற கேள்விக்கு நேரத்தைச் சேர்க்காமல் பதில் சொல்ல முடியாது. 1947-இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து வெளியிட்டார்கள். 44 டிகிரி செல்சியஸ் சூடு தோலைக் கெடுக்கச் சுமார் 6 மணி நேரம் பிடிக்கிறது. அங்கிருந்து 51 டிகிரி வரை, ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிறது. 60 டிகிரியில் சுமார் 5 நொடி போதும். சிகிச்சையில் திசுவுக்குள் எட்ட நினைக்கும் சூடு 40 முதல் 45 டிகிரி. குணத்துக்கும் புண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளி அவ்வளவு குறுகலானது.

அந்த எல்லையில் காவலுக்கு நிற்பவை நம் நரம்பு முனைகள். சுமார் 43 டிகிரியைத் தாண்டியதும் அவற்றில் உள்ள ஒரு புரதம் திறந்துகொண்டு 'எரிகிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. மிளகாயின் காரம் எரிவதும் இதே புரதத்தின் வழியாகத்தான். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சர்க்கரை இந்த நரம்புகளைத்தான் மெல்ல மெல்லச் செயலிழக்க வைக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு 2023-இல் சொன்ன கணக்குப்படி நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி பேர். அத்தனை பேருக்கும் கால் மரத்துப்போயிருக்காது. யாருக்கு மரத்திருக்கிறது என்பது சோதித்தால்தான் தெரியும்.

சோதனையும் எளிது. ஒரு கண்ணாடிக் குழாயில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, சிகிச்சை தரப்போகும் இடத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, "இது சூடா, ஜில்லா?" என்று கேட்க வேண்டும். தடுமாறினால் அந்த இடத்தில் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். சில நிமிட வேலை. கூட்டம் அதிகமான அறைகளில் முதலில் விட்டுப்போவது இதுதான் என்பது என் வருத்தம்.

சூடு நமக்குப் புதிய மருத்துவம் இல்லை. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒற்றடமும் ஒன்று. தவிட்டையோ கல் உப்பையோ வறுத்துத் துணியில் முடிந்து, தன் புறங்கையில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, வலிக்கிற இடத்தில் ஒற்றி ஒற்றி எடுக்கும் பாட்டியின் கையில் பாதுகாப்பு விதி முழுவதும் இருக்கிறது: சூட்டை முதலில் தான் சோதிப்பது, ஒரே இடத்தில் நிறுத்தாமல் இருப்பது, மூட்டை தானாகவே ஆறிக்கொண்டு போவது. மின்சார ஹீட்டிங் பேடில் இந்த மூன்றுமே இல்லை. அது ஆறாது, நகராது. அதைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டால் எழுப்பவும் ஆள் இருக்காது. மாதக்கணக்கில் தினமும் ஒரே இடத்தில் வைத்தால் வலை பின்னியது போலப் பழுப்புத் திட்டு படிந்துவிடும். தைலம் தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பையை வைப்பது அதைவிடத் தவறு. தைலத்தில் உள்ள மெந்தால் குளிர்ச்சி உணரும் நரம்பு முனையைத் தூண்டி, தோல் சூடாக இருக்கும்போதே 'ஜில்' என்று நம்ப வைக்கும்.

மருத்துவமனை ஹாட் பேக் சுமார் 70 முதல் 75 டிகிரி நீரில் ஊறிக்கொண்டிருப்பது. அதனால் ஆறு முதல் எட்டு மடிப்புத் துண்டு வேண்டும். 15 முதல் 20 நிமிடம் போதும். முதல் 5 நிமிடத்தில் ஒருமுறை எடுத்துத் தோலைப் பார்க்க வேண்டும். சீரான இளஞ்சிவப்பு என்றால் சரி; சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும். பேக்கின் மேல் படுக்கவும் கூடாது. உடம்பின் கனத்தில் ரத்த ஓட்டம் தடைபட்டு, சூட்டை அள்ளிக்கொண்டு போக வழியில்லாமல் தோல் வெந்துவிடும்.

கையை முக்கி எடுக்கும் வாக்ஸ் பாத்தில் இருக்கும் மெழுகு சுமார் 52 டிகிரி. அதே சூட்டில் தண்ணீர் இருந்தால் கையை வைத்திருக்க முடியாது. மெழுகில் முடிகிறது, ஏனென்றால் அது சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். கையில் பட்டதும் உறைந்து ஓர் உறையாகவும் ஆகிவிடுகிறது. விரல் மூட்டு விறைத்துப்போனவர்களுக்கு இதமான சிகிச்சை. கை ஈரமாக இருந்தால் மட்டும் அந்த ஈரம் சுட்டுவிடும். நன்றாகத் துடைத்த பிறகே முக்க வேண்டும்.

புதிதாகச் சுளுக்கி வீங்கிய கணுக்காலில் முதல் இரண்டு மூன்று நாள் சூடு வைக்காதீர்கள், வீக்கம் கூடும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினாலும், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலும், சூடோ மசாஜோ செய்யாமல் மருத்துவரிடம் போங்கள். கெண்டைக்கால் வீக்கம் ரத்தக் கட்டியாக இருக்கலாம். மின்காந்தப் புலத்தால் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயதெர்மி வைப்பதாக இருந்தால் பேஸ்மேக்கரையும், எலும்பில் வைத்த பிளேட், ராடையும் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உலோகத்தைச் சுற்றி அந்த மின்காந்தப் புலம் குவிந்துவிடும். திருச்சி வெயிலில் வியர்த்து வருபவர்களுக்கு இன்னொன்று: வியர்வை ஈரத்திலும் அது குவியும். துடைத்துக் காய்ந்த தோலில்தான் வைக்க வேண்டும்.

ஐஸ் வலியைக் குறைக்கும். குளிர்ந்த நரம்பு செய்தியை மெதுவாகக் கடத்துவதால் வரும் நிம்மதி அது. மரத்துப்போகும் முன் முதலில் குளிரும், பிறகு எரியும், பிறகு குத்தலாக வலிக்கும். உருகும் ஐஸ் 0 டிகிரிக்குக் கீழே போகாது. ஃப்ரீசரிலிருந்து நேராக எடுத்த ஜெல் பேக் அதைவிட மிகவும் குளிர்ந்திருக்கும். எனவே நொறுக்கிய ஐஸை ஈரத்துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைப்பதே நல்லது. முழங்காலின் வெளிப்புறம், சற்றுக் கீழே, எலும்பை ஒட்டி ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே ஐஸை இறுகக் கட்டி விட்டுவிட்டால் பாதம் தொங்கிப்போவதும் உண்டு. குளிரில் விரல் வெளுத்துப்போகிறவர்களுக்கும், கால் ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களுக்கும் ஐஸ் ஆகாது.

பிசியோதெரபியில் தரும் அல்ட்ராசவுண்டுக்கு வருவோம். ஸ்கேனில் உள்ளது போலவே இதுவும் செவிக்கு எட்டாத மீயொலி. ஸ்கேன் எதிரொலியைக் கொண்டு படம் வரைகிறது. சிகிச்சைக் கருவி ஒலியின் ஆற்றலைத் திசுவுக்குள் இறக்குகிறது. மனிதக் காது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். இந்தக் கருவியின் தலையில் உள்ள படிகம் நொடிக்கு 10 லட்சம் அல்லது 30 லட்சம் முறை அதிர்கிறது. 10 லட்சம் என்றால் சில சென்டிமீட்டர் ஆழம் போகும். 30 லட்சம் என்றால் மேலாகவே தங்கிவிடும். காற்று குறுக்கே வந்தால் ஏறக்குறைய முழு ஒலியும் திரும்பிவிடும். ஜெல் தடவுவது அதற்காகத்தான்.

இந்த ஒலியின் அறிவியலில் நம் ஊர்க்காரர் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே, திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7-இல் பிறந்தவர் சி.வி.ராமன். திரவத்தில் மீயொலி ஓடும்போது அழுத்தம் கூடிய அடுக்கும் குறைந்த அடுக்கும் மாறி மாறி அமைகின்றன. அதன் ஊடே போகும் ஒளிக்கற்றை பல கற்றைகளாகப் பிரிகிறது. 1932-இல் வெளிநாட்டில் கண்டறிந்த இந்தக் காட்சிக்கு, பெங்களூரில் இருந்த ராமனும் நாகேந்திர நாத்தும் 1935-36-இல் கணித விளக்கம் தந்தார்கள். ராமன்-நாத் கோட்பாடு என்று இன்றும் பாடமாக இருக்கிறது.

நம் தசைக்குள்ளும் அதே அழுத்த அடுக்குகள்தான் ஓடுகின்றன. கீழே எலும்பு இருந்தால் ஒலி மோதித் திரும்பும். போகும் அலையும் திரும்பும் அலையும் சேர்ந்து ஒரே இடத்தில் நின்றுவிட்டால், அங்கே மட்டும் அழுத்தமும் சூடும் குவியும். 1974-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படி நின்ற அலையில் கோழிக் கருவின் ரத்த அணுக்கள் ஓட்டம் நின்று பட்டை பட்டையாகத் திரண்டதைக் கண்டார்கள். கருவித் தலையை நிறுத்தாமல் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும் என்ற விதி இதனால் வந்தது. எலும்புக்குள் திடீரென்று ஆழமான வலி எழுந்தால் எலும்புறை சூடாகிறது என்று பொருள். அந்தக் கணமே சொல்லுங்கள்.

புற்றுக்கட்டி, கர்ப்பிணியின் வயிறும் இடுப்பும், கண், ரத்தக் கட்டி உள்ள கால், பேஸ்மேக்கர் உள்ள நெஞ்சு ஆகிய இடங்களில் இதை வைக்கவே கூடாது. இன்னொரு சங்கதி கருவியைப் பற்றியது. காட்டும் அளவுக்கும் வெளிவரும் அளவுக்கும் 20 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது சர்வதேசத் தரம். பல நாடுகளில் கிளினிக்குகளில் உள்ள கருவிகளைச் சோதித்தபோது நிறைய கருவிகள் இந்த எல்லையைத் தாண்டியிருந்தன. கருவித் தலை ஒருமுறை கீழே விழுந்தாலே படிகம் கெடலாம். வருடம் ஒருமுறை அளவு சரிபார்த்த சீட்டு இருக்கிறதா என்று கேட்பது தவறே இல்லை.

இவ்வளவு கவனமாக வைத்தால் பலன் என்ன? 1995-இல் டேவிட் டிரேப்பர் குழு கெண்டைக்கால் தசைக்குள் ஊசி வெப்பமானி வைத்து அளந்தது. 10 லட்சம் அதிர்வில், சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட் அளவில், நிமிடத்துக்கு 0.2 டிகிரிகூட ஏறவில்லை. அதுவும் கருவித் தலையைப் போல இரண்டு மடங்கு பரப்பில் வைத்தபோது. முதுகு முழுவதும் 5 நிமிடம் தேய்த்தால் உள்ளே சூடு ஏறுவதாகச் சொல்ல இடமில்லை. 2001-இல் வலேரி ராபர்ட்சன், கெர்ரி பேக்கர் இருவரும் 35 சோதனைகளைப் பரிசீலித்து, தரமானவை என 10-ஐத் தேர்ந்தார்கள். அவற்றில் 8-இல் உண்மையான அல்ட்ராசவுண்டும் அணைத்து வைத்த கருவியும் ஒரே பலனைத்தான் தந்தன. மூட்டுத் தேய்மானத்துக்கு இதைத் தர வேண்டாம், பலனுக்குப் போதிய சான்று இல்லை என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022-இல் வழிகாட்டியது. சிறிய பலன் காட்டிய ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் இதை மட்டுமே சிகிச்சை என்று பத்து சிட்டிங்குக்குப் பணம் கட்டுவது நியாயமில்லை என்பதே என் முடிவு.

மலைக்கோட்டையின் 400-க்கும் மேற்பட்ட படிகளை மறுபடி ஏற ஆசைப்படும் முட்டிக்கு வேண்டியது தொடைத் தசையின் பலம். அதைக் கருவி கட்ட முடியாது, பயிற்சிதான் கட்டும். சூடும் குளிரும் வலியைக் கொஞ்ச நேரம் தணித்து, அந்தப் பயிற்சியைச் செய்ய வழிவிடும். வைத்து எடுத்த சூடு சில நிமிடங்களில் இறங்கிவிடுவதால், மூட்டை நீட்டி மடக்கும் வேலையை உடனே தொடங்க வேண்டும். நடமாட முடியாதவர்களுக்குத் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டுவருகிறது.

சர்க்கரை, பேஸ்மேக்கர், கர்ப்பம், புற்றுநோய், உள்ளே வைத்த பிளேட் என்று எது இருந்தாலும் பிசியோதெரபிஸ்ட் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். சுட்டால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். கருவியை எடுத்து வைத்ததும் எழுந்து போய்விடாமல், "எனக்கு என்ன பயிற்சி?" என்று கேட்டு, செய்து காட்டச் சொல்லி, தினமும் வீட்டில் செய்யுங்கள்.