வேலி போட்டாலும் வழி வழிதான்

இங்கிலாந்தின் கிழக்கு சஸ்ஸெக்ஸில் ஃப்ராம்ஃபீல்ட் என்றொரு கிராமம். அதன் ஒன்பதாம் எண் நடைபாதைக்குக் குறுக்கே ஒரு கொட்டகை எழுந்தது. கூடவே முள்கம்பி, பழைய குளிர்பதனப் பெட்டிகள். நிலம் ஒரு கோடீஸ்வர வணிகரோடு தொடர்புடைய நிறுவனத்தின் பெயரில் இருந்தது. 13 ஆண்டுகள் அந்த வழியில் ஒருவரும் போக முடியவில்லை. நடைபயணிகளின் அமைப்பான ராம்ப்ளர்ஸ் நீதிமன்றம் போனது, அபராதம் விழுந்தது, கொட்டகை அசையவில்லை. உள்ளாட்சி நிர்வாகமோ தடையை எடுப்பதை விட்டுவிட்டுப் பாதையையே வேறு பக்கம் திருப்பப் பார்த்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் 2003 பிப்ரவரி 10 அன்று பாதை திறந்தது. கம்பி வெட்டும் கருவியோடு முதல் ஆளாக உள்ளே போனவர் ராம்ப்ளர்ஸைச் சேர்ந்த கேட் ஆஷ்புரூக்.

ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு வயல்வழிக்கு இத்தனை மல்லுக்கட்டா? அங்கே சட்டம் அதை வயல்வழியாகப் பார்ப்பதில்லை. லாரிகள் ஓடும் பெருஞ்சாலையைக் காக்கும் அதே 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம்தான், ஆற்றங்கரைப் புல்வெளியில் ஓடும் ஓரடிப் பாதையையும் காக்கிறது. மண் விவசாயியுடையது, அதன்மேல் நடக்கும் உரிமை ஊருடையது. நிலம் கைமாறினாலும் அந்த உரிமை மாறாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிப்பட்ட பொதுவழிகள் ஏறத்தாழ 1,40,000 மைல். அவற்றில் நடக்கக் குடியுரிமை வேண்டியதில்லை. லண்டனில் மகன் வீட்டுக்கு வந்திருக்கும் மதுரைக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் அங்கே பிறந்தவருக்குள்ள அதே உரிமை உண்டு.

எந்த வழி எவருக்கு என்பதை அம்புக்குறியின் நிறம் சொல்லும். மஞ்சள் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரையும் சைக்கிளும் போகலாம். ஊதா, மோட்டார் இல்லாத வண்டிகளுக்கு. சிவப்பு எல்லா வண்டிக்கும். அம்புக்குறி உடைந்து விழுந்திருந்தால் ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடம் கைகொடுக்கும். அதன் 1:25,000 தாளில் பொதுவழிகள் பச்சைக் கோடிட்டு இருக்கும். சட்டத்தின் கண்ணில் கடைசிச் சாட்சி உள்ளாட்சி அலுவலகத்தில் இருக்கும் அறுதி வரைபடம். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஆவணம் அது. கைப்பேசிச் செயலி காட்டும் கோடு சாட்சியாகாது. யாரோ ஒருவர் வேலி தாண்டி நடந்த தடத்தையும் அது அழகாகக் காட்டிவிடும்.

விவசாயிக்கும் கணக்கான கடமைகள் உண்டு. வயலுக்கு நடுவே போகும் நடைபாதையை உழலாம். ஆனால் விதைப்புக்காக முதல் முறை கிளறிய 14 நாளுக்குள் மறுபடி நடக்கத் தோதாக, குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குச் சீர்செய்து தர வேண்டும். பயிர் அந்த அகலத்தில் வளரக் கூடாது. வயலோரப் பாதையை உழவே கூடாது. பொதுவழி இருக்கும் இடத்தில் மக்களை விரட்டும் பொய்ப் பலகை வைப்பதும் குற்றம். ‘அத்துமீறுவோர் மீது வழக்குத் தொடரப்படும்’ என்ற பலகையைப் பார்த்துப் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். அங்கே அத்துமீறி நுழைவது பெரும்பாலும் சிவில் தவறுதான். நுழைந்த காரணத்துக்காக மட்டும் சிறை இல்லை. பலகை வைத்தவருக்கும் அது தெரியும்.

தடை எதிர்ப்பட்டால் என்ன செய்வது? வழக்கமாக நடந்து வருபவர், கடந்து போகத் தேவையான அளவு மட்டும் அதை விலக்கலாம். அருகில் சிறிது சுற்றியும் போகலாம். தடையை உடைப்பதற்கென்றே அரிவாளோடு கிளம்பி வந்தால் இந்தச் சலுகை கிடையாது. படம் பிடித்து, தேதியும் வரைபடக் குறியீட்டெண்ணும் சேர்த்து, உள்ளாட்சியின் பொதுவழி அலுவலருக்கு எழுத வேண்டும். பதில் வராமல் கிடந்தால் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 130ஏ பிரிவில் முறையான நோட்டீஸ் கொடுக்கலாம். இரண்டு மாதத்தில் தடை நீங்காவிட்டால் புகார் கொடுத்தவரே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை அணுகலாம். 2000-இல் வந்த சட்டத்தால் சேர்ந்த ஆயுதம் இது. எழுதுகிறவர்கள் குறைவு என்பதுதான் இதன் பலவீனம்.

ஒரு கண்ணி உண்டு. எல்லாப் பாதையும் பொதுவழி அல்ல. உரிமையாளர் மனமுவந்து விட்டுவைத்த ‘அனுமதிப் பாதை’களும் இருக்கின்றன, அவர் மனம் மாறினால் அவை மூடும். டார்ட்மூர் தேசியப் பூங்காவில் விக்ஸன் டார் என்ற பாறைக் குன்றுக்கு மக்கள் நெடுங்காலம் போய்வந்தார்கள். 2003-இல் நிலத்தை வாங்கியவர் அதை அடைத்துவிட்டார். அனுமதி கேட்காமல், ஒளியாமல், மறைக்காமல், பலவந்தமில்லாமல் 20 ஆண்டுகள் மக்கள் நடந்த தடம் பொதுவழியாகக் கருதப்படும் வாய்ப்பு உண்டு. ஆகவே பெரியவர்களின் சாட்சியத்தை எழுத்தில் வாங்கி வைப்பது பயன் தரும்.

கோட்டில் நடப்பது ஒன்று, மூர்நிலத்தில் கோடில்லாமல் திரிவது இன்னொன்று. மரமில்லாத, ஹீதர் புதரும் கரிச்சேறும் நிறைந்த அந்த மேட்டு வெளிகள் ஒரு காலத்தில் கௌதாரி வகைப் பறவைகளைச் சுடும் செல்வந்தர்களின் தனிச்சொத்தாக இருந்தன. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறினார்கள். முன்னின்ற பென்னி ரோத்மனுக்கு வயது 20. ஐந்து பேர் சிறை போனார்கள். குற்றச்சாட்டு அத்துமீறல் அல்ல, கலவரம். மூர்நிலத்தில் தடையின்றி நடக்க வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை முழுச் சட்டமாக 2000 வரை காத்திருந்தது. இப்போது இங்கிலாந்தின் நிலப்பரப்பில் சுமார் 8 சதவீதத்தில் காலார எங்கும் நடக்கலாம். கூடாரம், சைக்கிள், ஆற்றில் நீச்சல் இவை அந்த உரிமையில் அடங்கா. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். பறவைகள் தரையில் முட்டையிடும் பருவம் அது.

கூடாரத்துக்கு விதிவிலக்கு டார்ட்மூர். அங்குள்ள ஒரு நில உரிமையாளர் தம்பதி தொடுத்த வழக்கில், இரவு தங்கும் உரிமை இல்லை என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆயிரக்கணக்கானோர் அந்த மேட்டில் திரண்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மக்கள் பக்கம் நின்றது. ஆனாலும் தேசியப் பூங்காவின் விதிகள் உண்டு: குறித்த பகுதிகளில் மட்டும், ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் இல்லாமல், தீ மூட்டாமல். ஸ்காட்லாந்து வேறு உலகம். 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் அங்கே பெரும்பாலான நிலத்திலும் நீரிலும் பொறுப்போடு உலவ இடம் தருகிறது.

உரிமை இருக்கிறது என்பதால் தரை உறுதியாகிவிடாது. திறந்த மூர்நிலத்தில் புதைசேறு, பாறை, ஓடை போன்ற இயற்கை அமைப்புகளால் அடிபட்டால் நில உரிமையாளரிடம் இழப்பீடு கேட்க முடியாது. அந்த ஆபத்து நடப்பவருடையது. டார்ட்மூரில் ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சிக் களங்களும் உண்டு. பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு தெரிந்தால் உள்ளே போகக் கூடாது. தரையில் கிடக்கும் உலோகத் துண்டை எடுக்கவே கூடாது. வறண்ட கோடையில் ஒரு சிறிய கரியடுப்பு போதும், நிலத்தடிக் கரிமண் வரை தீப்பிடிக்க. 2018 ஜூனில் சாடில்வொர்த் மூர் எரிந்தபோது ராணுவத்தையே அழைக்க வேண்டியதாயிற்று.

நம்மவர்கள் மாட்டுக்குப் பழகியவர்கள் என்ற தைரியத்தில் ஏமாறுவார்கள். பரந்த மேய்ச்சலில் கன்றோடு நிற்கும் பசுக்கள், குறிப்பாக நாயைக் கண்டால், கூட்டமாகப் பாயும். மாடு விரட்டினால் நாயை அவிழ்த்து விட்டுவிட வேண்டும். அது ஓடித் தப்பும், மாடும் பெரும்பாலும் அதையே துரத்தும். கறவை இனக் காளை பத்து மாதத்துக்கு மேற்பட்டதென்றால் பொதுவழி போகும் வயலில் விடுவது குற்றம். பிற இனக் காளை பசுக்களோடு நின்றால் சட்டம் தடுக்காது.

கண்ணுக்குத் தெரியாத எதிரி உண்ணி. மானும் ஆடும் திரியும் காட்டோரத்தில், பிரேக்கன் பெரணிச் செடியிடையே நடந்தால் தொற்றிக்கொள்ளும். சில உண்ணிகள் லைம் நோயைப் பரப்பும். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். சில வாரங்களில் வட்டமாகத் தடிப்பு பரவினால் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்ததைச் சொல்ல வேண்டும்.

வழி தவறி மூடுபனியில் மாட்டிக்கொண்டால் 999-ஐ அழைத்து, காவல்துறையைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வருபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் இல்லை. குரல் எடுபடாத இடத்தில் குறுஞ்செய்தியாகவும் 999-ஐ எட்டலாம், ஆனால் கைப்பேசியை முன்கூட்டியே அதற்குப் பதிந்திருக்க வேண்டும். சிக்னலே இல்லையென்றால் விசில்: நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். பதிலாக மூன்று விசில் கேட்டாலும் நிறுத்தாமல் ஊதினால்தான் தேடி வருபவர்கள் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள்.