விற்றுப்போன குதிரை காத்த வம்சம்

போலந்து மொழியில் "ஸ்கோவ்ரோனெக்" என்றால் வானம்பாடி. அரபுக் குதிரை வளர்ப்பவர்கள் இன்றும் மதிப்போடு சொல்லும் பெயர் இது!

1909-ம் ஆண்டில், போலந்துப் பிரபு ஜோசப் போட்டோட்ஸ்கியின் அந்தோனினி லாயத்தில் பிறந்தது இந்த வெள்ளைக் குதிரை. அந்த ஊர் இப்போது உக்ரைன் நாட்டில் உள்ளது.

முதல் உலகப் போருக்கு முன்பே வால்டர் வைனன்ஸ் என்ற செல்வந்தர் அதை வாங்கி, இங்கிலாந்துக்குக் கொண்டு போய்விட்டார்.

1917-ல் ரஷியாவில் புரட்சி வெடித்தது. தொடர்ந்து நடந்த கலவரத்தில் அந்தோனினி லாயம் அழிந்தது. கடல் கடந்து போன ஸ்கோவ்ரோனெக் தப்பியது!

1920-ல் அது வென்ட்வொர்த் சீமாட்டியின் கைக்கு வந்தது. இவர் கவிஞர் பைரனின் கொள்ளுப்பேத்தி. சசெக்சில் இருந்த அவருடைய கிராபெட் பண்ணையில் அதன் வம்சம் பெருகியது. 1930-ல் ஸ்கோவ்ரோனெக் இறந்தது.

அதன் பிள்ளைகள் திசைக்கொன்றாகப் போயினர். ரசெய்னை "கார்ன் பிளேக்ஸ்" அதிபர் கெல்லாக் 1926-ல் அமெரிக்காவுக்கு வாங்கினார். நசீம், 1936-ல் சோவியத் நாட்டின் டெர்ஸ்க் பண்ணைக்குப் போயிற்று.

நசீமுக்கு அங்கே 1945-ல் பிறந்தது நெகட்டிவ். இந்தப் பேரக்குதிரையை 1960-களில் இனவிருத்திக்காக வரவழைத்த நாடு எது தெரியுமா? போலந்து!

பிறந்த லாயம் மண்ணோடு போயிற்று. ஆனால் விலைக்குப் போன வானம்பாடியின் ரத்தம், மூன்று நாடுகளைச் சுற்றிவிட்டு, போலந்துக் குதிரைகளிடமே வந்து சேர்ந்தது.