விரலுக்கு வழிவிடுங்கள்

பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துக் குழாய் நட்டைத் திருகும் பிளம்பரைக் கவனித்திருக்கிறீர்களா? பேச்சு நம்மோடு இருக்கும், பார்வை எங்கோ இருக்கும். கை மட்டும் குழாய்க்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் நுழைந்து, நட்டின் ஆறு முகங்களையும் தடவி, ஸ்பேனரைப் பொருத்தி, இறுக்கி முடித்துவிடும். வீட்டுப் பழுதுவேலைகளில் கணிசமான பங்கு இப்படித்தான் நடக்கிறது. கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆனாலும் பார்வையற்ற ஒருவர் தனியாக வீடு வைத்திருக்கிறார் என்றால் நாம் முதலில் கேட்பது, "குழாய் ஒழுகினால் என்ன செய்வார்? கரண்ட் போனால் யார் வந்து பார்ப்பார்கள்?" என்பதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். அவர்களும் சமைக்கிறார்கள், துவைக்கிறார்கள், குழாய்க்கு வாஷர் மாற்றுகிறார்கள். அந்த வேலைகளைக் கையும் காதும் எப்படிச் செய்து முடிக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டால் நம் கேள்வி மாறிவிடும்.

விரல் நுனியிலிருந்து தொடங்குவோம். அங்கே தோலுக்கடியில் நான்கு வகை உணர்விகள் இருக்கின்றன. மெர்க்கெல் உணர்விகள் விளிம்பையும் மேடு பள்ளத்தையும் சொல்கின்றன. மெய்ஸ்னர் உணர்விகள் பொருள் கையிலிருந்து நழுவத் தொடங்குவதைச் சொல்கின்றன. ருஃபினி உணர்விகள் தோல் இழுபடுவதை அறியும். பாசினி உணர்விகள் அதிர்வுக்கானவை. நொடிக்குச் சுமார் 250 முறை துடிக்கும் அதிர்வை அவை மிக நுட்பமாகப் பிடிக்கின்றன. ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் உள்ள கே.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வழவழப்பான பரப்பில் வெறும் 13 நானோமீட்டர் அளவுக்குச் சுருக்கங்கள் இருந்தாலும், அதன் மேல் நகரும் விரல் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஒரு தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். 'நகரும் விரல்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விரல் ஓரிடத்தில் நின்றால் அதற்கு இவ்வளவு தெரியாது. தடவித் தடவித்தான் அது பார்க்கிறது.

கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தாலும் இந்தத் திறமை மழுங்குவதில்லை. பிரான்ஸின் லியோன் நகர ஆய்வுக்குழு 2018இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. ஒருவர் கையில் மரக்குச்சியைக் கொடுத்து, அவர் கண்ணுக்குத் தெரியாமல் அதில் ஓரிடத்தைத் தொட்டால், தொட்ட இடம் எது என்று அவரால் வெகு துல்லியமாகச் சொல்ல முடிகிறது. குச்சி வழியே வரும் அதிர்வை மூளை உடம்பின் பகுதிபோலவே படித்துக்கொள்கிறது. திருகின் தலையில் ஸ்க்ரூ டிரைவர் உட்கார்ந்துவிட்டதா, மரை தப்பிச் சுற்றுகிறதா என்பதை எந்தத் தச்சரும் கண்ணால் அறிவதில்லை.

இந்த இடத்தில் ரால்ஃப் டீட்டரைச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 1890இல் பிறந்தவர். ஐந்து வயதில் ஒரு விபத்தில் பார்வை முழுதும் போய்விட்டது. 1912இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றார். முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் நிறுவனம் ஒன்று, அதிவேகமாகச் சுழலும் நீராவி டர்பைன் ரோட்டர்களைச் சமநிலைப்படுத்த முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. எடை ஒரு பக்கம் இம்மி கூடினாலும் ரோட்டர் உதறும். அந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொடுத்தவர் டீட்டர். அவருடைய கைவிரல்களின் நுண்ணுணர்வுக்கு அதில் பெரும் பங்கு இருந்தது. பிறகு பிஸ்டன் வளையம் தயாரிக்கும் நிறுவனத்தின் தலைவரானார். 1936இல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். இன்று நெடுஞ்சாலையில் கார் ஒரே வேகத்தில் தானாக ஓட உதவும் 'க்ரூஸ் கன்ட்ரோல்' அவர் கண்டுபிடிப்பு. காப்புரிமை கிடைத்த ஆண்டு 1950. கண்ணால் பார்க்க முடியாத ஒருவர், கார் முன்னும் பின்னும் உலுக்கியதை உடம்பால் உணர்ந்து செய்த கருவி அது.

காதுக்கு வருவோம். உயரமான ஜாடியில் தண்ணீர் பிடிக்கும்போது ஓசை மெல்ல மெல்லக் கீச்சாகிக்கொண்டே போகும். தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்றுத் தம்பம் குறையக் குறைய, அதன் ஒத்ததிர்வு எண் ஏறுவதுதான் காரணம். 30 செ.மீ. காற்று இருக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 285 அதிர்வு, 5 செ.மீ. மிச்சம் இருக்கும்போது ஏறத்தாழ 1,700. நிரம்பி வழியும் முன்பே காது எச்சரித்துவிடும்.

நம் சமையலறையே காதுக்கான பாடசாலை. எண்ணெய் காய்ந்ததைக் கடுகு வெடித்துச் சொல்கிறது. குக்கர் விசில் எண்ணித்தான் பருப்பு வேகிறது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'சுர்' என்று கத்தி ஆவியாக வேண்டும். கத்தாமல் முத்து முத்தாக உருண்டு ஓடினால் கல் மிஞ்சிச் சூடாகிவிட்டது; துளிக்கு அடியில் உருவாகும் நீராவி மெத்தை அதைக் கல்லில் ஒட்டவிடாமல் தூக்கிப் பிடிக்கிறது. 1756இல் இதை ஆராய்ந்து எழுதிய ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட்டின் பெயரே அந்த விளைவுக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

பழுதும் இப்படித்தான் பேசும். மின்விசிறி கரகரத்தால் பேரிங் காய்ந்திருக்கலாம். சத்தமே மாறாமல் வேகம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் கன்டென்சரைச் சந்தேகிக்க வேண்டும். துணி பிழியும்போது வாஷிங் மெஷின் தடதடவென்று குதித்தால் துணியெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டது, அல்லது கால்கள் சமமாக நிற்கவில்லை. அரைத்துக்கொண்டிருக்கும்போதே மிக்ஸி நின்றுவிட்டால், பெரும்பாலான மிக்ஸிகளின் அடிப்புறத்தில் ஓவர்லோட் பொத்தான் ஒன்று இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மிக்ஸியைக் கவிழ்த்து அதை அழுத்தினால் போதும். சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போகிறவர்களில் பலருக்கு இது தெரியாது. தடவிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தப் பொத்தான் முன்பே அறிமுகம்.

மின்சாரம் என்றவுடன் எல்லோரும் பயப்படுகிறோம். பயப்பட வேண்டியதுதான், பார்வை உள்ளவருக்கும் அது பொதுவான பயம். மின்கம்பியில் மின்சாரம் இருப்பதைக் கண்ணாலும் பார்க்க முடியாது. நாம் பார்ப்பது டெஸ்டரில் எரியும் சின்ன நியான் விளக்கைத்தான். அதே தகவலைப் 'பீப்' ஒலியாகவோ அதிர்வாகவோ தரும், கம்பியைத் தொடாமலே சோதிக்கும் டெஸ்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. கம்பியைச் சுற்றியுள்ள மாறுமின்புலம் டெஸ்டரின் முனையில் தூண்டும் மிகச் சிறிய மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலியாக்குகிறார்கள். வேலைக்கு முன் செய்ய வேண்டியது எல்லோருக்கும் ஒன்றே. மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் டெஸ்டர் ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மெயினை அணைத்த பிறகு வேலை செய்யும் இடத்தில் ஒலிக்கவில்லை என்று பார்க்க வேண்டும். மறுபடி முதலில் சோதித்ததுபோல் மின்சாரம் உள்ள வேறொன்றில் டெஸ்டர் பழுதில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

கோளாறு வந்தால் தானே விழும் எம்.சி.பி. சுவிட்ச் வந்தது இந்த வகையில் பெரிய வரம். பழைய ஃப்யூஸ் கட்டையில் கம்பி எரிந்ததா என்று உற்றுப் பார்க்க வேண்டும், எம்.சி.பி.யின் நெம்பு கீழே விழுந்திருப்பதை விரலே சொல்லிவிடும். கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் இருக்க வேண்டும். மூன்று முனைப் பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டையும்விடத் தடித்தும் நீண்டும் இருக்கிறது. முதலில் எர்த் தொடர்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எந்தப் பக்கம் மேலே என்று விரலுக்கும் சொல்லிவிடுகிறது. விரலால் படிக்க முடியாத ஒன்று கம்பியின் நிறம். பார்வையுள்ள ஒருவரின் உதவியோடு ஒருமுறை நிறம் பார்த்து, ஃபேஸ் கம்பியில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றும், நியூட்ரலில் இடைவெளி விட்டு இரண்டு சுற்றும் சுற்றி வைத்துவிட்டால் அடுத்த முறை யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அளவெடுக்க இன்னொரு கருவி இருக்கிறது. திருகு மரை போட்ட தண்டும் அது நுழைந்து நகரும் குழாயும் கொண்ட 'க்ளிக் ரூலர்'. தண்டு நகரும்போது 1/16 அங்குலத்துக்கு ஒரு சொடுக்குக் கேட்கும். பலகையை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்து அறுக்கப் பார்வையற்ற தச்சர்களுக்கு இது உதவுகிறது.

இவ்வளவும் இருந்தும் பார்வையற்றோர் பலர் இன்று புதுச் சாதனம் வாங்க அஞ்சுகிறார்கள். அதற்குக் காரணம் அவர்கள் உடம்பில் இல்லை. சாதனத்தின் முகப்பில் இருக்கிறது.

இண்டக்‌ஷன் அடுப்பை எடுத்துக்கொள்வோம். தீ இல்லை, சேலைத் தலைப்பு பற்றாது, கேஸ் கசியாது. கண்ணாடிக்கு அடியிலுள்ள கம்பிச் சுருளின் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியைத்தான் நேராகச் சூடாக்குகிறது. பாத்திரத்தை எடுத்தால் தானே நின்றுவிடும். பார்வையற்றவருக்கு இதைவிடப் பொருத்தமான அடுப்பு இல்லை. ஆனால் அதை இயக்கும் பலகையோ வழவழக் கண்ணாடி. 'ஆன்' எங்கே, சூட்டைக் கூட்டுவது எங்கே என்று விரலுக்கு ஒரு தடயமும் இல்லை.

இதில் இன்னும் கொடுமையான ஒன்று உண்டு. இந்தக் கண்ணாடிக்கு அடியில் மின்தேக்கித் தகடுகள் இருக்கின்றன. மனித உடல் மின்கடத்தி என்பதால், விரல் நெருங்கியதும் மின்தேக்குத்திறன் மாறுகிறது. சுற்று அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. அழுத்தவே வேண்டாம், பட்டாலே போதும். விரல் தடவித்தான் பார்க்கும் என்றோமே, இங்கே தடவினாலே அடுப்பு எரியத் தொடங்கும், நிரல் மாறும், நேரம் அழியும். பழைய குமிழில் முதலில் தொட்டறிந்து, பிறகு திருப்பலாம். கண்ணாடிப் பலகை பார்ப்பதையும் இயக்குவதையும் ஒன்றாக்கிவிட்டது. கண்ணுக்குப் பார்வை போலத்தான் விரலுக்குத் தடவல். திரும்பிப் பார்த்தாலே தீப்பற்றிக்கொள்ளும் அடுப்பை நம்மில் யாராவது வாங்குவோமா?

முனை தெரியாமல் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் புதுவகைக் குமிழ்களும் இதே ரகம். எங்கே தொடங்கியது, எங்கே நிற்கிறது என்பது திரையில் மட்டும் தெரியும். இந்த விஷயத்தில் நம் ஊர் மிக்ஸி இன்னும் நல்ல பிள்ளையாக இருக்கிறது: 0, 1, 2, 3 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொடுக்கு, எதிர்ப்பக்கம் திருப்பினால் பல்ஸ்.

வழி இல்லாமல் இல்லை. அழுத்தினால் உள்வாங்கும் மென்தகட்டுப் பொத்தான் கொண்ட மைக்ரோவேவ்களில், ஒட்டும் பிளாஸ்டிக் புள்ளிகளை 'ஸ்டார்ட்', 'ஸ்டாப்' மீது ஒட்டினால் போதும். எல்லாப் பொத்தானிலும் ஒட்டக் கூடாது. புள்ளிகள் கூடினால் விரல் குழம்பும். கண்ணாடிப் பலகையில் பொத்தான் மேல் ஒட்டாமல் பக்கத்தில் ஒட்டி அடையாளம் வைப்பது நல்லது. இன்னும் நல்லது, பொத்தான் இருக்கும் இடங்களை மட்டும் துளையாக வெட்டிய தடித்த பிளாஸ்டிக் அட்டையைப் பலகை மேல் ஒட்டுவது. விரலுக்கும் தகட்டுக்கும் இடைவெளி கூடினால் மின்தேக்குத்திறன் குறையும் என்பது பள்ளிப் பாடம். தடிமன் போதுமானதாக இருந்தால் அட்டை மேல் எவ்வளவு தடவினாலும் அடுப்பு அசையாது. துளைக்குள் விரல் போனால்தான் கட்டளை.

கைபேசியும் கைகொடுக்கிறது. பார்வை மங்கிக்கொண்டிருந்த டென்மார்க் நாட்டு நாற்காலி மேசைக் கைவினைஞர் ஹான்ஸ் யோர்கன் வீபெர்க் தொடங்கிய 'பி மை ஐஸ்' செயலி 2015இல் வந்தது. சாதனத்தின் திரையைக் கேமராவில் காட்டினால் எங்கோ இருக்கும் தன்னார்வலர் படித்துச் சொல்வார். இப்போது செயற்கை நுண்ணறிவும் படித்துச் சொல்கிறது. மீட்டர் எண்ணையும் பிழைக்குறியீட்டையும் படிக்க இது மிகவும் உதவும். கம்பியில் கை வைப்பதற்கு முன் இதை நம்பக் கூடாது. அங்கே டெஸ்டரின் ஒலிதான் சாட்சி.

ஆனால் சொந்த வீட்டு அடுப்பைப் பற்றவைக்க ஒருவர் ஒவ்வொரு வேளையும் எதற்காக இன்னொருவர் கண்ணைக் கடன் கேட்க வேண்டும்? தொலைபேசியின் 5ஆம் எண்ணில் ஒரு புள்ளியும், கணினி விசைப்பலகையின் எஃப், ஜே எழுத்துகளில் ஒரு சிறு மேடும் இருப்பதை உங்கள் விரல் அறியும். அச்சில் வார்க்கும்போதே வைத்துவிட்டதால் அதற்குத் தனிச் செலவு இல்லை. ஒரு பீப் ஒலிக்குப் பதிலாக 'ஆன்' என்றும் 'ஆஃப்' என்றும் இரு வேறு ஒலிகள் வைப்பதும் அப்படித்தான்.

சட்டம் இதைச் சொல்லாமல் விடவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 43ஆம் பிரிவு, எல்லோரும் பயன்படுத்தத்தக்க நுகர்பொருள்களின் வடிவமைப்பையும் உற்பத்தியையும் விநியோகத்தையும் அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த அணுகல்தன்மைச் சட்டம் கணினி, கைபேசி, ஏ.டி.எம். எனப் பலவற்றைக் கட்டுப்படுத்துகிறது. அடுப்பும் வாஷிங் மெஷினும் அதில் இல்லை. அந்தக் குறையை நாம் முந்திக்கொண்டு தீர்க்கலாம். மின்சிக்கனத்துக்கு நட்சத்திரக் குறி ஒட்டுவதுபோல, கண் திறக்காமல் இயக்க முடியும் என்பதற்கும் ஒரு குறியை அரசு கொண்டுவர வேண்டும்.

அதுவரை உங்களால் ஆவது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை அடுப்போ வாஷிங் மெஷினோ வாங்கப் போகும்போது, கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு அதை ஆன் செய்து, அளவை மாற்றி, ஆஃப் செய்து பாருங்கள். முடியாவிட்டால், "குமிழ் வைத்தது காட்டுங்கள்" என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.