மரச்சுழலியும் உலோகச்சுழலியும்: தீவகக் கடற்கலங்களை முன்வைத்துச் சில சிந்தனைகள்

தொழினுட்ப மாற்றம் என்பதைப் பழைய உறுப்பொன்றை அகற்றிப் புதிய உறுப்பொன்றைப் பூட்டுவதாகவே பலர் கருதுவர். ஆயின் ஓர் உறுப்பு மாறும்போது கருவி முழுவதும் மாறுகின்றது. அதனைக் கையாளும் மனிதரிடையே நிலவும் உறவுகளும் மாறுகின்றன. இதனை முதலில் ஓர் எளிய உதாரணத்தால் விளக்கி, பின்னர் யாழ்ப்பாணத்துத் தீவகத்துக்கு வருவோம்.

தனிமனிதர் தம் கையாலேயே அமைக்கும் சிறு விமானங்களில், புறொப்பெலர் எனப்படும் உந்துசுழலியை மரத்திலிருந்து அலுமினியக் கலவைக்கு மாற்றுவதுண்டு. உலோக இதழை மெல்லியதாக அமைக்கலாம். அதனால் திறன் கூடும். மழையும் மணலும் அதனை எளிதில் அரிப்பதில்லை. ஆயின் அது பாரமானது. விமானத்தின் ஈர்ப்பு மையம் முன்னோக்கி நகரும். மரம் யந்திரத்தின் அதிர்வை உள்வாங்கித் தணிக்கும். உலோகமோ குறித்த சில சுழல்வேகங்களில் ஒத்ததிர்ந்து ஈற்றில் முறியவுங்கூடும். எனவே யந்திரமும் சுழலியும் ஒன்றுக்கொன்று இசைவனவா என்று சோதித்தறிந்த பின்னரே பூட்டுதல் தகும். நிலத்தில் மோத நேரின் மரச்சுழலி சிதறி, யந்திரத்தின் அச்சைப் பெரும்பாலும் காக்கும்; உலோகச்சுழலி அவ்வதிர்ச்சியை அச்சுக்கே கடத்தும். ஆகவே மாற்றத்தின்போது எழும் அடிப்படை வினா இதுவே: நெருக்கடி நேர்கையில் முறியப்போவது எது?

இவ்வினாவை ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகியவற்றின் கடலில் வைத்து நோக்குவோம். பாய்மரக் காலத்தில் வள்ளமும் தோணியும் உள்ளூர்த் தச்சரின் கைத்திறனால் உருவாயின. காற்று விலையின்றிக் கிடைத்தது. பழுதைத் துறையிலேயே தீர்க்க முடிந்தது. வடபகுதியின் இக்கைத்திறன் சாமானியமானதன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தமை இதற்குச் சான்று.

1950களில் மீன்பிடிக் கலங்களை யந்திரமயமாக்கும் முயற்சியை அரசு மேற்கொண்டது. நோர்வேயின் உதவியுடன் காரைநகரில் உருவான சீநோர் நிறுவனம் பின்னர் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டியது. இங்கும் மாற்றம் ஓர் உறுப்போடு நிற்கவில்லை. பாய்க்கென அமைந்த, பின்புறம் ஒடுங்கிய கலத்தில் யந்திரத்தைத் தொங்கவிட இயலாது. தட்டையான பின்பலகை வேண்டும். பாரம் பின்னே சாய்கின்றது. அதிர்வு பலகைப் பொருத்துக்களைத் தளர்த்திக் கலப்பத்தைக் கழற்றுகின்றது. தீவுகளைச் சூழ்ந்த கடல் ஆழங்குறைந்தது. சுழலி கல்லிலும் மணலிலும் அடிபடும். சிறு யந்திரங்கள் பலவற்றில் சுழலியையும் அச்சையும் ஒரு சிறு முளை பிணைத்து நிற்கும். மோதலின்போது அது முறிந்து பற்சில்லுகளைக் காக்கும். விமானத்தின் மரச்சுழலி செய்த பணியையே இங்கு அம்முளை செய்கின்றது.

யந்திரத்தால் விளைந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. தொலைவுக் கடலை எட்டவும், பிடித்த மீன் பழுதாகுமுன் கரைசேரவும் அது உதவிற்று. தண்டுவலிக்கும் உழைப்பின் கொடுமையைக் குறைத்தது. பாய்மரக் காலத்தைப் பொற்காலமாகப் போற்றுவது வறுமையை அழகுபடுத்துவதாகவே முடியும். ஆயினும் யந்திரம், உதிரிப்பாகம், எரிபொருள் ஆகிய மூன்றும் தீவுக்கு வெளியிலிருந்தே வருகின்றன. அவற்றை வாங்கக் கடன் வேண்டும். கடன் கொடுப்போன் பிடிபட்ட மீனின் விலையை நிர்ணயிக்கும் வலிமையையும் பெறுகின்றான். உற்பத்திச் சாதனம் வளர்ந்தது. அதன்மீதான உழைப்பாளியின் ஆதிக்கமோ சுருங்கியது.

நெருக்கடிகள் இதனைத் துலக்கின. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்கான எரிபொருள் தடைசெய்யப்பட்டது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றரொன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. சிறு வெளியிணைப்பு யந்திரங்களுக்கு மண்ணெண்ணெயே உணவு. அவ்வேளைகளில் முறிந்தது யந்திரமன்று. இறக்குமதி வணிகமும் அன்று. அன்றாடங் கடலுக்குச் செல்லும் தொழிலாளியின் வாழ்வே முறிந்தது. பெரும் பொறியமைப்பைக் காப்பதற்காக முறிய விடப்படும் சிறு முளையின் இடத்தில் அவன் வைக்கப்பட்டிருந்தான்.

ஆகவே மரமா உலோகமா என்பதன்று வினா. யந்திரத்தைப் பழுதுபார்க்கும் அறிவும், எரிபொருளும் கடனும் கிடைக்கும் வழிகளும் கடற்றொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வருமா என்பதே வினா. முளை முறிந்தால் மாற்று முளை படகிலேயே இருக்கும். தொழிலாளியின் வாழ்வுக்கு அத்தகைய மாற்று முளை எதுவும் இல்லை.