ஒன்றரைக் கட்டை இறங்கிய கிட்டார்

1965. இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்ஹாம். உலோகத் தகடு வேலை நடக்கும் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் செய்துகொண்டிருந்த 17 வயது டோனி அயோமிக்கு அன்று கடைசி வேலைநாள். ஓர் இசைக்குழுவோடு ஜெர்மனிக்குக் கிளம்ப எல்லாம் தயார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் இனி திரும்பிப் போகப்போவதில்லை என்றார். பாதி நாளில் விட்டுவிட்டு வருவது முறையல்ல என்று அம்மா அனுப்பிவைத்தார். பிரஸ் மெஷினில் நிற்க வேண்டியவர் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த மெஷினில் டோனியை நிறுத்தினார்கள். அது அவருடைய வலது கையின் மேல் இறங்கியது. அலறிக்கொண்டு கையை இழுத்ததில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயிற்று.

அவர் இடது கைக்காரர். இடது கையால் மீட்டுவார். கம்பிகளை அழுத்துவது வலது கை விரல்கள். போகக் கூடாத விரல்களே போயிருந்தன.

இனி கிட்டாரை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்கள் மருத்துவர்கள். சுருண்டு கிடந்த பையனைப் பார்க்க வந்த தொழிற்சாலை மேலாளர் கையில் ஓர் இசைத்தட்டு இருந்தது. வாசித்தவர் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட். 1928-ல் தங்கியிருந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போக, மீதி விரல்களை வைத்துக்கொண்டு ஐரோப்பிய ஜாஸ் இசையின் உச்சிக்குப் போனவர். கேட்கும் மனநிலை டோனிக்கு இல்லை. மேலாளர் விடவில்லை, போட்டுக் கேட்கவைத்தார். பிறகுதான் வாசிப்பவரின் கையைப் பற்றிச் சொன்னார்.

அடுத்து டோனி செய்ததில் இசைக்கலைஞனைவிடப் பட்டறைத் தொழிலாளிதான் அதிகம் தெரிகிறான். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டை பிடித்தார். சூடான சால்டரிங் கோலால் அதில் குழி போட்டு, விரல் நுழையும்படி செய்தார். மணிக்கணக்கில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நுனி வடிவத்துக்குக் கொண்டுவந்தார். மாட்டிப் பார்த்தால் கம்பியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து சிறு துண்டுகளை வெட்டி மேலே ஒட்டினார். தோல் புதிதாக இருந்தபோது கம்பியில் சிக்கியது. தேய்த்துத் தேய்த்து அது இறுகிப் பளபளத்த பிறகே வசத்துக்கு வந்தது.

உறை சரியானாலும் அதற்கு உணர்ச்சி கிடையாது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெரியாது. காதால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்குக் கடைகளில் கிடைத்த கிட்டார் கம்பிகளோ தடிமனானவை. அவற்றை வளைத்து இழுத்தால் விரல் வலித்தது. அதனால் பாஞ்ஜோ வாத்தியத்தின் மெல்லிய கம்பிகளை வாங்கி மேல்சுரக் கம்பிகளின் இடத்தில் போட்டார். மற்றவற்றையும் ஒவ்வொரு படி மெலிதாக மாற்றினார். மெல்லிய கம்பி செட் தயாரிக்கச் சொல்லி நிறுவனங்களிடம் போனபோது, யார் வாங்குவார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் வேல்ஸைச் சேர்ந்த பிக்காட்டோ நிறுவனம் செய்து கொடுத்தது. இன்று எந்த இசைக்கருவிக் கடையிலும் அடுக்கிவைத்து விற்கும் சரக்கு அது.

வாசிப்பும் மாறியது. முழு கார்டுகளுக்கு விரல்களை விரித்து அழுத்துவது சிரமம். முழுதாக மிஞ்சியவை ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும். அடிச்சுரம், அதன் பஞ்சமம் என்று இரண்டே சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் ‘பவர் கார்டு’க்கு அந்த இரண்டு விரல் போதும். அவருக்கு முன்பே பலர் அதை வாசித்திருக்கிறார்கள். ஆனால், அதையே அஸ்திவாரமாக வைத்து ஒரு கட்டடம் முழுக்க எழுப்பியவர் அயோமிதான்.

பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதிப் பையன்களான ஓஸி ஆஸ்பர்ன், கீஸர் பட்லர், பில் வார்டு மூவரோடும் சேர்ந்து அவர் தொடங்கிய குழுவுக்கு முதலில் வேறு வேறு பெயர்கள். நடுவே 1968-ன் கடைசியில், ‘ஜெத்ரோ டல்’ என்ற பெயர்பெற்ற குழுவுக்குப் போய்ச் சில வாரங்களிலேயே திரும்பிவிட்டார். கையோடு கொண்டுவந்தது ஒழுங்கு. காலையில் எழுந்து வந்து ஒத்திகை பார்க்க வேண்டும் என்பது ராக் இசைக்காரர்களுக்கு அன்று எட்டிக்காயாகக் கசந்திருக்கும். ஒத்திகைக் கூடத்துக்கு எதிர்த் தியேட்டரில் ஓடிய திகில் படத்தின் பெயர் ‘பிளாக் சப்பாத்’. காசு கொடுத்துப் பயப்பட மக்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றால், பயமுறுத்தும் இசையையும் கேட்பார்கள்தானே? படத்தின் பெயர் பாட்டின் பெயராகி, பிறகு குழுவின் பெயராகவும் ஆனது.

அந்தப் பாட்டின் அடிப்படை வெறும் மூன்று சுரங்கள். கீழ் ஸா, மேல் ஸா, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்தியமம். கல்யாணி ராகத்தில் நாம் ரசித்துக் கேட்கும் அதே மத்தியமம்தான். ஆனால் ஸாவோடு அது மோதும் ஒலியை ஐரோப்பிய இசை ஆசிரியர்கள் நெடுங்காலம் தவிர்க்கச் சொல்லி வந்தார்கள். ‘இசைக்குள் சாத்தான்’ என்று பெயரும் வைத்தார்கள். இடைக்காலத் திருச்சபை அதைத் தடையே செய்தது என்று ஹெவி மெட்டல் ரசிகர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அதற்குச் சான்று எதுவும் இல்லை. ஹோல்ஸ்ட் என்ற இங்கிலாந்து இசையமைப்பாளரின் ‘மார்ஸ்’ படைப்பை கீஸர் பட்லர் பேஸ் கிட்டாரில் முனகிக்கொண்டிருக்க, அதன் நிழலில் பிறந்தது இந்த வரிசை. அயோமி அதை வாசித்த வேகம்தான் முக்கியம். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே மூச்சு விட்டுவிட்டு, அவ்வளவு மெதுவாக வாசிக்கிறார். சத்தம் புதிதல்ல, ஹெண்ட்ரிக்ஸும் ‘க்ரீம்’ குழுவும் அதற்கு முன்பே காதைப் பிளந்துவிட்டார்கள். கனம்தான் புதிது.

முதல் ஆல்பம் 1969-ல் லண்டனில் ஒரே நாளில் பதிவானது. பதிவின் நடுவே அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் பிக்கப் செத்துவிட, மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்தார். பிறகு அதுவே அவர் அடையாளம் ஆனது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியானது. ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையில் லெஸ்டர் பாங்ஸ் கிழித்துத் தொங்கவிட்டார். ரசிகர்கள் அந்த விமர்சனத்தைக் கண்டுகொள்ளவில்லை, பிரிட்டனில் எட்டாம் இடம். அதே ஆண்டு வந்த ‘பாரனாய்டு’ ஆல்பம் முதலிடம். ஆல்பத்தில் இன்னும் சில நிமிடம் குறைகிறது என்று சொன்னதும், இட்டு நிரப்பச் சில நிமிடங்களில் உருவான பாட்டுதான் அதன் தலைப்புப் பாட்டு. அவர்களுடைய மிகப் பெரிய ஹிட்டும் அதுவே.

1971-ல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில்தான் அயோமி வரலாற்றையே திருப்பிய காரியத்தைச் செய்தார். சில பாட்டுகளுக்குக் கிட்டாரின் சுருதியை இறக்கினார். மூன்று கட்டையில் நிற்க வேண்டிய அடிக்கம்பி ஒன்றரைக் கட்டைக்கு வந்தது. கம்பி தளர்ந்ததால் விரலுக்கு இதம். கூடவே எதிர்பாராத லாபம் ஒன்று: தளர்ந்த கம்பி ஆம்ப்ளிஃபையர் வழியாக உறுமியது. ‘இன்டு தி வாய்டு’, ‘சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்’ இரண்டையும் நல்ல ஸ்பீக்கரில் போட்டால் காதுக்கு முன்னால் நெஞ்சுக்கூடு கேட்கும்.

விபத்து நடந்திராவிட்டால் ஹெவி மெட்டலே இல்லை என்று எழுதுவது பத்திரிகைகளுக்குப் பிடித்த வரி. பாதிதான் சரி. பர்மிங்ஹாம் பட்டறைகளில் விரல் இழந்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. கிட்டார் என்ன வாசிக்கிறதோ அதையே அடியில் பிடித்துக்கொண்டு தடிமனாக்கிய பட்லரின் பேஸ், ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்த பில் வார்டின் தாளம் இவை இல்லாமல் அந்த ஒலி நின்றிருக்காது. அயோமியின் காதும் ஒரு பக்கம் மட்டும் சாய்ந்ததல்ல. சிறுவயதில் அவரை இழுத்தது ஹேங்க் மார்வின் வாசித்த ‘ஷேடோஸ்’ குழுவின் சுத்தமான மெட்டுகள். ‘பிளானட் கேரவன்’ பாட்டின் முடிவில் அவர் வாசிக்கும் தனியை ஜாங்கோவின் தட்டு கேட்ட கை வாசித்தது என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். ‘லகூனா சன்ரைஸ்’ இசைத்துண்டில் இடி முழக்கம் துளியும் கிடையாது. உறுமலை மட்டும் நகலெடுத்தவர்கள் கோட்டைவிட்டது இதைத்தான்.

1979-ல் பாடகர் ஓஸி வெளியேற்றப்பட்டார். புதுப் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவோடு அடுத்த ஆண்டே ‘ஹெவன் அண்ட் ஹெல்’ என்ற அபாரமான ஆல்பம் வந்தது. பிறகு பாடகர்கள் வந்தார்கள், போனார்கள். பாதிப் பேரை ரசிகர்களே மறந்துவிட்டார்கள். எல்லா ஆல்பங்களிலும் இருந்த ஒரே ஆள் அயோமி. 2012-ல் அவருக்கு நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்கு நடுவே ஓஸியோடும் கீஸரோடும் முடித்த ‘13’ ஆல்பம் 2013-ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் அவர்களுக்கு அதுதான் முதல் முதலிடம்.

ஒருகாலத்தில் இவர்களைக் கண்டுகொள்ளாத ஊரும் இப்போது கொண்டாடுகிறது. பர்மிங்ஹாமில் ஒரு பாலத்துக்கு அவர்கள் பெயர். 2023-ல் பர்மிங்ஹாம் ராயல் பாலே, சப்பாத் பாட்டுகளுக்கு ஒரு முழு பாலேயே அரங்கேற்றியது.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனின் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில் பழைய நால்வரும் கடைசி முறையாகச் சேர்ந்தார்கள். ஓஸி சிம்மாசனம் போன்ற இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். அதற்கு முன் பகல் முழுக்க மெட்டாலிகா, பன்டேரா, ஸ்லேயர், கன்ஸ் அண்ட் ரோஸஸ் என்று வரிசையாக வந்து ஆளுக்கொரு சப்பாத் பாட்டையாவது வாசித்தார்கள். அவர்கள் யாருக்கும் விரலில் குறையில்லை. ஆனாலும் அயோமி வலிக்குப் பயந்து கைக்கொண்ட தளர்ந்த கம்பியையும் இரண்டு சுரக் கார்டையும் வைத்துத்தான் பலரும் பிழைப்பு நடத்துகிறார்கள். கடைசியில் மேடையேறிய நால்வர் வாசித்தது நான்கே பாட்டுகள்: ‘வார் பிக்ஸ்’, ‘என்.ஐ.பி.’, ‘அயர்ன் மேன்’, ‘பாரனாய்டு’. நான்கும் 1970-ல் வெளிவந்தவை. பதினேழு நாள் கழித்து ஓஸி இறந்தார்.